ரிப்போர்ட்டைக் காட்டிப் பிள்ளைகளைப் பந்தியிலிருந்து எழுப்பாதீர்கள்: ஒரு திறந்த மடல்

வடசென்னையின் பொதுச் சுகாதாரத்துக்கும் பள்ளி உணவுக்கும் பொறுப்பேற்றிருக்கும் அலுவலர்களுக்கு,

ஒவ்வாமைக்கான (அலர்ஜி) ரத்தப் பரிசோதனையில் எந்த உணவுக்கு 'பாசிட்டிவ்' என்று வந்திருக்கிறதோ, அது சேர்ந்த எதையும் அந்தப் பிள்ளைக்குப் பரிமாறக் கூடாது என்று இந்தக் கல்வியாண்டின் தொடக்கத்தில் எங்கள் பகுதிப் பள்ளிகளுக்கு வாய்மொழியாக உத்தரவு வந்தது. தாளில் ஒரு வரி கிடையாது. பள்ளியில் கேட்டால் மேலிடம் என்கிறார்கள். மேலிடத்தில் கேட்டால் பிள்ளைகளின் பாதுகாப்புக்குத்தானே என்கிறார்கள். அந்தப் பாதுகாப்பின் பெயரால், நான்காம் வகுப்புப் படிக்கும் என் மகள் இப்போது காலை உணவு வரிசையிலும் நிற்பதில்லை, மதிய உணவு வரிசையிலும் நிற்பதில்லை. தாழ்வாரத்து ஓரத்தில் உட்கார்ந்து நான் கட்டிக்கொடுத்த தயிர்சாதத்தைச் சாப்பிடுகிறாள். அவளோடு இன்னும் சில பிள்ளைகள். கட்டிக்கொடுக்க வீட்டில் ஒன்றுமில்லாத நாட்களில் அவர்களில் சிலர் வெறும் தண்ணீர் குடித்துவிட்டு வகுப்புக்குப் போகிறார்கள்.

இந்த உத்தரவை என்னால் ஏற்க முடியவில்லை. தாய் என்பதால் மட்டும் சொல்லவில்லை. நான் லேப் டெக்னீஷியன். வண்ணாரப்பேட்டைப் பக்கம் ஒரு தனியார் பரிசோதனைக் கூடத்தில் வேலை. நீங்கள் எந்தத் தாளை வைத்துப் பிள்ளைகளை எழுப்புகிறீர்களோ, அந்த மாதிரித் தாள்கள் தினமும் என் கையில்தான் அச்சாகி வருகின்றன. அதிலுள்ள எண்கள் எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்பது என் தொழில்.

முதலில் என் மகளின் உடம்பில் நடப்பதைச் சொல்லிவிடுகிறேன். கொடுங்கையூரில் கால்வாய்க் கரையை ஒட்டிய வீடு எங்களுடையது. பின்சுவருக்கு அந்தப் பக்கம் சீமைக் கருவேலம் அடர்ந்து கிடக்கிறது. குப்பை ஒதுங்கிய இடமெல்லாம் பார்த்தீனியமும் முள்ளுக்கீரையும். அந்தச் சீமைக் கருவேலத்தின் மஞ்சள் பூங்கொத்துகள் தொங்கத் தொடங்கினால் அவளுக்குக் கண் சிவக்கும், மூக்கு ஒழுகும், காலையில் எழுந்ததும் அடுக்கடுக்காகத் தும்மல் வரும். இரவில் சில நாள் இழுப்பும் உண்டு. இது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், கிர்ணிப்பழத்தைப் பச்சையாகக் கடித்தால் சில நிமிடங்களில் "நாக்கெல்லாம் நமநமங்குதும்மா" என்பாள். உதட்டோரம் லேசாகத் தடிக்கும், தொண்டை கமறும். வாயைக் கொப்பளித்துவிட்டு உட்கார்ந்தால் அரைமணி நேரத்துக்குள் அடங்கிவிடும். வெள்ளரிக்காய்க்கும் இதேதான், வாழைப்பழத்துக்கும் சில சமயம் இதேதான். அதே வெள்ளரிக்காயைக் கூட்டாக வைத்தால் தட்டு காலியாகும்வரை சாப்பிடுவாள், ஒன்றும் ஆகாது. கத்திரிக்காய் சாம்பார், தக்காளி ரசம், வேர்க்கடலை உருண்டை, கொண்டைக்கடலைச் சுண்டல் என்று பிறந்ததிலிருந்து சாப்பிட்டு வளர்ந்தவள்.

இருமலும் அரிப்பும் உள்ள பிள்ளைகளுக்கு ரிப்போர்ட் வேண்டும் என்று பள்ளியில் கேட்டார்கள். எங்கள் தெருவிலேயே ஒரு கூடம் முகாம் போட்டு 'அலர்ஜி பேக்கேஜ்' சலுகை விலையில் எடுத்தது. மருத்துவர் யாரும் பிள்ளைகளைப் பார்க்கவில்லை. ரத்தம் எடுத்து, வாட்ஸப்பில் பிடிஎஃப் அனுப்பினார்கள். என் மகளின் ரிப்போர்ட்டில் கத்திரிக்காய், தக்காளி, உருளைக்கிழங்கு, கேரட், துவரை, கடலை, வேர்க்கடலை, கோதுமை, அரிசி, வாழை என்று பக்கம் நிறைய பாசிட்டிவ். அவள் வாழ்நாளில் கண்ணால் பார்த்திராத ஏதோ கொட்டைக்கும் பாசிட்டிவ். கீழே சிவப்பில், "மேற்கண்ட உணவுகளைத் தவிர்க்கவும்." அதைப் பார்த்துவிட்டு என் மாமியார் கேட்டார்: "இன்னாமா இது, சோறு துன்னாலே ஆகாதுன்னு எழுதிக்கீறாங்க. இத்தினி வருசம் துன்னுட்டுதானே வளர்ந்துச்சு?" ஒரு வரியில் அவர் கேட்டதுதான் சரியான கேள்வி. அந்தக் கேள்வியை உங்கள் துறையில் ஒருவரும் கேட்கவில்லை.

அந்தப் பக்கம் ஏன் அப்படி நிறைந்தது என்பதற்கு விளக்கம் உண்டு. மகரந்தம் ஒவ்வாத ஒருவரின் உடல் அந்த மகரந்தத்தின் புரதங்களுக்கு எதிராக ஐஜிஇ என்ற எதிர்ப்பொருளை உண்டாக்கி வைத்திருக்கிறது. செடி கொடிகள் எல்லாவற்றுக்கும் பொதுவான சில புரதங்கள் உள்ளன. அவற்றில் ஒன்று புரொஃபிலின். சீமைக் கருவேல மகரந்தத்தில் அது இருக்கிறது, அருகம்புல் மகரந்தத்தில் இருக்கிறது, கிர்ணிப்பழத்தில், வாழையில், தக்காளியில் இருக்கிறது. அவற்றின் வடிவம் ஏறக்குறைய ஒன்றே. அண்ணன் மேலுள்ள கோபத்தில் அதே முகச்சாயல் கொண்ட தம்பியின் சட்டையைப் பிடிப்பது போல, மகரந்தத்துக்கென்று உருவான ஐஜிஇ பழத்தையும் பிடித்துக்கொள்கிறது. புரொஃபிலின் ஒரு ஒவ்வாமைப் பொருள் என்பதை ஆஸ்திரியாவில் ருடால்ஃப் வாலென்டாவின் குழு 1991இல் கண்டறிந்து வெளியிட்டது. பாடப்புத்தகத்தில் ஏறி எத்தனையோ காலமாகிவிட்ட செய்தி இது.

இந்தப் புரொஃபிலின் சூடு தாங்காது. வயிற்று அமிலமும் தாங்காது. அதனால்தான் பச்சையாகக் கடிக்கும்போது வாயில் மட்டும் அரிக்கிறது, வெந்த பிறகு ஒன்றும் செய்வதில்லை. இப்போது உங்கள் உத்தரவைப் பாருங்கள். காலையில் உப்புமா, கிச்சடி, பொங்கல், காய்கறி சாம்பார். மதியம் கலவை சாதமும் பயறும் முட்டையும். முட்டை சாப்பிடாத பிள்ளைகளுக்குத் தரும் வாழைப்பழம் ஒன்றைத் தவிர எல்லாமே அடுப்பில் வெந்து வருபவை. என் மகளுக்கு ஒத்துக்கொள்ளாததைப் பச்சையாகக் கொடுத்தால்தான் அரிக்கும். நீங்களோ வெந்ததைத் தடுத்துவிட்டீர்கள். பள்ளி வாசலில் உப்பும் மிளகாய்த்தூளும் தூவி விற்கிற வெள்ளரித் துண்டை யாரும் தடுக்கவில்லை.

ரிப்போர்ட்டை நிறைக்கும் இன்னொரு காரணமும் உண்டு. தாவரப் புரதங்களின் மேல் ஒட்டியிருக்கும் சர்க்கரைச் சங்கிலிகளுக்கு எதிராகச் சிலர் உடம்பில் ஐஜிஇ இருக்கும். அதனால் உடம்புக்குப் பெரும்பாலும் ஒரு தொந்தரவும் வராது. ஆனால் சோதனைக் குழாயில் காய், கனி, தானியம், பருப்பு என எல்லாவற்றுக்கும் பாசிட்டிவ் காட்டும். இதை அடக்கி மறுபடி சோதிக்கும் முறை இருக்கிறது. முகாம்களில் அதைச் செய்வதில்லை. அளவையும் கவனியுங்கள். ரத்தத்தில் ஐஜிஇ 0.35 என்ற அளவைத் தொட்டதுமே மெஷின் பாசிட்டிவ் என்று எழுதும். 0.40க்கும் 40க்கும் அச்சில் ஒரே சொல்தான். பள்ளியில் அந்த ஒரு சொல்லைத்தான் படிக்கிறார்கள். நான் பார்த்தவரை எங்கள் பிள்ளைகளின் ரிப்போர்ட்டுகளில் பெரும்பாலானவை 'கிளாஸ் 1', 'கிளாஸ் 2' என்று குறிக்கப்படும் குறைந்த அளவுகள்.

இது என் சொந்தக் கருத்து என்று நினைத்துவிடாதீர்கள். உணவு ஒவ்வாமை பற்றிப் பல நாடுகளில் நடந்த யூரோப்ரீவால் ஆய்வின் இந்தியப் பகுதி முடிவுகள் 2016இல் வெளிவந்தன. தென்னிந்தியாவில் 20 முதல் 54 வயது வரையிலான 11,791 பேரிடம் கேள்வித்தாள் கொடுத்து, அவர்களில் 588 பேரைத் தேர்ந்து ரத்தத்தைச் சோதித்தார்கள். உணவுகளுக்கு ஐஜிஇ இருந்தது 26.5 சதவீதத்தினருக்கு. உணவைச் சாப்பிட்டு உபாதையும் வந்து, அதே உணவுக்கு ஐஜிஇயும் இருந்தவர்கள் 1.2 சதவீதம். இந்த ஊர்க்காரர்கள் வழக்கமாகச் சாப்பிடாத உணவுகளுக்குக்கூட ரத்தம் பாசிட்டிவ் காட்டியது. மகரந்தத்துக்கும் உணவுக்கும் இடையே இப்படி ஒன்று மற்றொன்றைப் பிடிப்பது அதிகமாக இருந்ததையும் அந்த ஆய்வு பதிவு செய்திருக்கிறது. நாலில் ஒருவருக்குப் பாசிட்டிவ், நூற்றில் ஒருவருக்குத்தான் நோய். இந்த இடைவெளியில்தான் எங்கள் பிள்ளைகள் தட்டை இழந்து நிற்கிறார்கள்.

எங்கள் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி ஒரு பையன் இருக்கிறான். அப்பா மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸ் உடைக்கும் வேலை. பையனுக்குத் தோலில் கரப்பான், மூக்கடைப்பு. அவன் ரிப்போர்ட்டிலும் இதே நீளப் பட்டியல். அந்தத் தாயிடம் ஏற்கெனவே பெரியவர்கள் சொன்ன ஒரு பட்டியல் இருந்தது: கத்திரிக்காய் ஆகாது, கருவாடு ஆகாது, கடலை ஆகாது, எல்லாம் கரப்பான் பண்டம். ரிப்போர்ட் வந்ததும் இரண்டு பட்டியலும் ஒன்றாகிவிட்டன. இப்போது அவன் சாப்பிடுவது ரசம் சாதமும் பிஸ்கெட்டும். அந்த பிஸ்கெட்டில் இருக்கும் கோதுமையும் ரிப்போர்ட்டில் பாசிட்டிவ்தான், அதை யாரும் கவனிக்கவில்லை. பையனின் விலா எலும்பை எண்ணிவிடலாம். அரிப்பு அப்படியே இருக்கிறது. பருப்பும் முட்டையும் கிடைக்கிற ஒரே இடம் பள்ளிக்கூடம்தான் என்ற வீட்டுப் பிள்ளைக்கு, அந்த இடத்தையும் ஒரு வாய்மொழி உத்தரவு அடைத்துவிட்டது. தமிழ்நாட்டில் சத்துணவை 1982இல் விரிவாக்கியதும் காலை உணவை 2022இல் தொடங்கியதும் எந்தப் பிள்ளைகளுக்காக? இவனைப் போன்றவர்களுக்காகத்தானே?

வாய் அரிப்பு எல்லாம் அலர்ஜி என்றும் நான் சொல்லவில்லை. கருணைக்கிழங்கும் சேப்பங்கிழங்கும் நாக்கை அரிக்கும். அதிலுள்ள ஆக்சலேட் ஊசிகள் யார் நாக்கையும் குத்தும், அதற்காகத்தான் புளி விட்டுச் சமைக்கிறோம். அன்னாசியில் உள்ள நொதியும் வாயைக் கடிக்கும். எது அப்படி, எது மகரந்தத்தோடு தொடர்புடையது, எது உண்மையிலேயே உயிருக்கு ஆபத்தான ஒவ்வாமை என்று பிரித்துச் சொல்ல ஒரு மருத்துவர் எதிரே உட்கார்ந்து கேள்வி கேட்க வேண்டும். எப்போது சாப்பிட்டாய், பச்சையா வெந்ததா, எத்தனை நிமிடத்தில் வந்தது, எந்த மாதத்தில் அதிகம், வீட்டைச் சுற்றி என்ன செடி இருக்கிறது? இந்தக் கேள்விகள் இல்லாமல் எடுக்கும் ரத்தம் வீண்.

இதுவரை சொன்னது தேவையில்லாமல் பயமுறுத்துவதைப் பற்றி. பயப்பட வேண்டிய இடத்தில் பயப்படாமல் விடுவதும் இங்கேதான் நடக்கிறது.

எங்கள் உறவில் ஒருவர் கொருக்குப்பேட்டையில் ரயில் பாதை ஓரம் குடியிருக்கிறார். பாதை நெடுக சீமைக் கருவேல முட்காடு. வருடக்கணக்காக மூக்கொழுகலும் இழுப்பும். ஒரு கல்யாணப் பந்தியில் டபுள் பீன்ஸ் போட்ட குருமா சாப்பிட்டார். பாயசம் வருவதற்குள் உடம்பெல்லாம் தடிப்பு, குரல் மாறி, மூச்சு வாங்கியது. தூக்கிக்கொண்டு ஓடிய மருத்துவமனையில் அரிப்பையும் தடிப்பையும் அடக்கும் ஒரு அவில் ஊசி, ஒரு ஸ்டீராய்டு ஊசி போட்டுப் படுக்க வைத்தார்கள். ரத்த அழுத்தம் சரிந்து கண் சொருகிய பிறகுதான் முதலிலேயே போட்டிருக்க வேண்டிய அட்ரினலின் ஊசி வந்தது. உயிர் தப்பியது. வெளியே வந்தபோது கையில் இருந்த சீட்டில் 'ஃபுட் பாய்சன்' என்று எழுதியிருந்தது. அதே குருமாவைச் சாப்பிட்ட வேறு ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்பதைக் கேட்க யாருக்கும் நேரமில்லை. பிறகு கடன் வாங்கி ஒரு ஒவ்வாமை நிபுணரிடம் காட்டினோம். தோல் சோதனையில் சீமைக் கருவேல மகரந்தத்துக்கும் டபுள் பீன்ஸுக்கும் தடிப்பு வந்தது.

டெல்லியில் ஆய்வாளர்கள் இதே இரண்டையும் சோதித்து 2007இல் வெளியிட்டிருக்கிறார்கள். சீமைக் கருவேல மகரந்தத்துக்கான ஐஜிஇ டபுள் பீன்ஸின் புரதங்களைப் பிடிக்கிறது என்பதே அவர்கள் கண்டது. பயறு வகைகளிலும் கொட்டைகளிலும் சூடு தாங்கும் புரதங்கள் உள்ளன. வேகவைத்தாலும் சிதையாது, வயிற்றிலும் கரையாது. அவைதான் வாயோடு நிற்காமல் உடம்பு முழுவதையும் தாக்கக்கூடியவை. என் மகளுக்கு இருப்பதும் எங்கள் உறவினருக்கு இருப்பதும் ஒன்றல்ல. ஒருவருக்குச் சமைத்துக் கொடுத்தால் போதும். இன்னொருவர் தொடவே கூடாது. உங்கள் பட்டியலில் இரண்டு பேருக்கும் அதே 'பாசிட்டிவ்'. பயமில்லாத பிள்ளையை எழுப்பிவிட்டு, ஆபத்துள்ள மனிதரைக் கல்யாணப் பந்தியில் உட்காரவைக்கும் தாள் அது.

பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படித்துத் தப்பிக்கவும் அவருக்கு வழியில்லை. உணவுப் பாதுகாப்புத் தர ஆணையத்தின் 2020 லேபிள் விதிகளில் கோதுமை, பால், முட்டை, மீன், இறால் வகை, வேர்க்கடலை, மரக்கொட்டைகள், சோயா, சல்ஃபைட் என்று அறிவிக்க வேண்டியவை இருக்கின்றன. டபுள் பீன்ஸும் கொண்டைக்கடலையும் துவரையும் அதில் இல்லை. அது டெல்லியில் பேச வேண்டியது, இங்கே நீட்டவில்லை.

மருத்துவர்களில் சிலர், "மகரந்தத்துக்கும் பழத்துக்கும் தொடர்பு என்பதெல்லாம் ஐரோப்பாவில் பிர்ச் மரத்துக்கும் ஆப்பிளுக்கும் உள்ளது, நம்ம ஊரில் ஏது" என்கிறார்கள். பிர்ச் மரம் இங்கே இல்லை, உண்மைதான். வட அமெரிக்காவில் ராக்வீட் என்ற களையின் மகரந்தம் ஒவ்வாதவர்களுக்கு முலாம்பழ வகையும் வாழைப்பழமும் வாயை அரிக்கும் என்று 1970இலேயே எழுதிவிட்டார்கள். எங்கள் குப்பைமேட்டுப் பார்த்தீனியம் அந்த ராக்வீட்டின் உறவுச் செடி. ஒன்றின் மகரந்தத்துக்கான ஐஜிஇ இன்னொன்றையும் பிடிக்கும் என்று இந்திய ஆய்வாளர்கள் 1993இல் காட்டினார்கள். கிர்ணிப்பழத்தைக் கடித்த என் மகளின் நாக்கு எங்கள் கால்வாய்க் கரையின் கதையைத்தான் சொல்கிறது. அதைப் படிக்க பிர்ச் மரம் தேவையில்லை.

இந்தக் கரைக்கு வருகிறேன். சீமைக் கருவேலம் தானாக வந்ததல்ல. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் விறகுக்கும் வறட்சிக்கும் உதவும் என்று வெளிநாட்டு விதை கொண்டுவந்து சென்னை மாகாணத்தில் ஊன்றினார்கள். இன்று பக்கிங்காம் கால்வாய் ஓரம், எண்ணூர் உப்பங்கழி ஓரம், மணலி தொழிற்சாலைச் சுவர்கள், ரயில் நிலங்கள் எங்கும் அதுதான். நீதிமன்றம் அகற்றச் சொல்லியிருக்கிறது. அந்நியத் தாவரங்களை அகற்ற 2022இல் மாநில அரசே கொள்கை வெளியிட்டது. அந்தப் பேச்சில் நிலத்தடி நீர் வருகிறது, காடு வருகிறது. மனிதர் மூக்கு மட்டும் வருவதே இல்லை. எண்ணூர், மணலி காற்றைச் சொல்லவே வேண்டாம். வாகனப் புகையும் நைட்ரஜன் டைஆக்சைடும் ஓசோனும் மகரந்தத்தோடு சேர்ந்தால் ஒவ்வாமை கூடும் என்பது உலகெங்கும் ஆராய்ந்து சொல்லப்படுகிறது. இரண்டும் ஒரே தெருவில் சேருகிற இடம் வடசென்னை. மணலியில் காற்றின் நுண்தூசியை அளக்கும் நிலையம் இருக்கிறது. பி.எம். 2.5 எவ்வளவு என்று செல்பேசியிலேயே பார்க்கிறோம். இன்று காற்றில் என்ன மகரந்தம், எவ்வளவு என்று கேட்டால் சொல்ல ஒரு கருவி இல்லை. சண்டிகர் 2022இல் தன் ஊருக்கு ஒரு மகரந்த நாட்காட்டி செய்துவிட்டது. எந்த மாதம் எந்த மரம், எந்தச் செடி என்று அங்கே ஒரு தாய் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம்.

பரிசோதனைக் கூடங்களைப் பற்றியும் பேசியாக வேண்டும். இது என் பிழைப்பு நடக்கும் துறை, இருந்தாலும் எழுதுகிறேன். பேக்கேஜ் எவ்வளவு நீளமோ அவ்வளவு விலை. அதனால் பட்டியல் நீண்டுகொண்டே போகிறது. சில இடங்களில் ஐஜிஜி என்ற வேறொரு எதிர்ப்பொருளை அளந்து 'உணவு ஒவ்வாமைச் சோதனை' என்றே விற்கிறார்கள். ஒரு உணவைச் சாப்பிட்டுப் பழகிய உடம்பில் அது இருப்பது இயல்பு. அதை வைத்து ஒவ்வாமை என்று சொல்லக் கூடாது என்று ஐரோப்பிய ஒவ்வாமை மருத்துவர் அமைப்பு 2008இலேயே அறிக்கை வெளியிட்டது. தினமும் சாப்பிடும் உணவுகளையே அந்தத் தாள் 'ஆகாது' என்று சொல்லும்போது, கூலி வேலைக்குப் போகும் தாய் எதைச் சமைப்பாள்?

இனி என் கோரிக்கைகள்.

முதலாவதாக, அந்த வாய்மொழி உத்தரவை எழுத்து மூலம் திரும்பப் பெறுங்கள். ஒரு பிள்ளைக்கு ஓர் உணவைத் தடுக்க வேண்டுமென்றால், பிள்ளையை நேரில் பார்த்த மருத்துவர் கையெழுத்திட்ட சீட்டு இருக்கட்டும். அதில் எந்த உணவு, பச்சையாகவா சமைத்தாலுமா, சாப்பிட்டால் என்ன ஆகும், அப்படி ஆகிவிட்டால் என்ன செய்ய வேண்டும் என்ற நான்கும் இருக்கட்டும். அந்தச் சீட்டு இல்லாத ரத்த ரிப்போர்ட் எதற்காகவும் ஒரு பிள்ளையும் வரிசையிலிருந்து விலக்கப்படக் கூடாது. ஓர் உணவு உண்மையிலேயே ஆகாத பிள்ளைக்கு, அதற்கு ஈடான வேறு உணவைப் பள்ளியே தர வேண்டும், தனியாக உட்கார வைக்காமல் தர வேண்டும். இது காலாண்டுத் தேர்வுக்கு முன்னால் நடக்க வேண்டும். பசியோடு பரீட்சை எழுத வைக்காதீர்கள்.

மருத்துவர் பரிந்துரை இல்லாமல் முகாம் போட்டு உணவு அலர்ஜிப் பட்டியல் எடுப்பதை நிறுத்துங்கள். தனியார் கூடங்களைப் பதிவு செய்யவும் ஒழுங்குபடுத்தவும் தமிழ்நாட்டில் 1997இலிருந்து சட்டம் இருக்கிறது. அந்த அதிகாரத்தை வைத்து, "தவிர்க்கவும்" என்று கூடங்களே அச்சடிப்பதற்குத் தடை போடுங்கள். "பாசிட்டிவ் என்பது உணவு ஒவ்வாமை என்று பொருளல்ல, மருத்துவரைப் பார்க்கவும்" என்ற வரியை ஒவ்வொரு ரிப்போர்ட்டிலும் தமிழில், எண்களுக்கு மேலேயே அச்சிட வையுங்கள். ஐஜிஜி சோதனையை அலர்ஜிப் பெயரில் விற்பதை நிறுத்துங்கள்.

வடசென்னையில் ஓர் அரசு மருத்துவமனையில், வாரத்தில் ஒரு நாளாவது, குழந்தைகள் நலம், தோல், காது-மூக்கு-தொண்டை, நெஞ்சகப் பிரிவு மருத்துவர்கள் சேர்ந்து பார்க்கும் ஒவ்வாமைப் பிரிவு வேண்டும். மகரந்தத்தையும் உணவையும் ஒன்றாக வைத்துப் பார்க்கும் பிரிவு. அங்கே சீமைக் கருவேலம், பார்த்தீனியம், முள்ளுக்கீரை, அருகம்புல் ஆகிய எங்கள் ஊர் மகரந்தங்களுக்குத் தோல் குத்துச் சோதனை இருக்க வேண்டும். அதற்குக் கால் மணி, இருபது நிமிடத்தில் முடிவு தெரிந்துவிடும். பாட்டிலில் வரும் பழச் சாற்றில் இந்த மென்மையான புரதங்கள் கெட்டுப்போவதுண்டு, அதனால் பழத்தில் குத்திய ஊசியாலேயே தோலில் குத்திப் பார்க்கும் முறையும் வேண்டும். சந்தேகம் தீராதபோது, மருத்துவர் பக்கத்தில் இருக்க, சிறிது சிறிதாக உணவைக் கொடுத்துப் பார்க்கும் வசதியும் வேண்டும். முகாமில் ஏற்கெனவே ரிப்போர்ட் வாங்கிய பிள்ளைகளை முதலில் கூப்பிடுங்கள். எங்கள் தெருப் பையனை எல்லாருக்கும் முன்னால் கூப்பிடுங்கள்.

நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையம் ஒவ்வொன்றிலும் அட்ரினலின் கையெட்டும் இடத்தில் இருப்பதையும், தடிப்போடு மூச்சுத் திணறலோ மயக்கமோ வந்தால் அவிலுக்கு முன்னால் அதைத் தொடைத் தசையில் போட வேண்டும் என்பதை இரவுப் பணியில் இருப்பவர்வரை எல்லாரும் அறிந்திருப்பதையும் உறுதி செய்யுங்கள். எடையில் கிலோவுக்கு 0.01 மில்லிகிராம் என்ற அளவு சுவரில் ஒட்டப்பட்டிருக்கட்டும். அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ள, விலை மலிந்த மருந்து இது. தானே குத்திக்கொள்ளும் பேனா ஊசி இங்கே எளிதில் கிடைப்பதில்லை. அதனால் பக்கத்து சுகாதார நிலையத்தில் இருக்கும் ஊசிதான் எங்களுக்கு உயிர். பள்ளியில் சத்துணவு அமைப்பாளருக்கும் சமையலருக்கும் ஆசிரியர்களுக்கும் இந்த அறிகுறிகளைச் சொல்லிக்கொடுங்கள். வாய் அரிப்பு எது, உயிர் போகும் அறிகுறி எது என்று பிரித்தறிய ஒரு மதிய நேரம் போதும்.

மகரந்தப் பொறி ஒன்றை வடசென்னையில் ஒரு பள்ளி மாடியிலோ மருத்துவமனை மாடியிலோ வையுங்கள். நிமிடத்துக்கு 10 லிட்டர் காற்றை இழுத்து, ஒட்டும் நாடாவில் மகரந்தத்தைப் பிடித்துவைக்கும் கருவி அது. ஏதாவது ஒரு கல்லூரியின் தாவரவியல் துறையிடம் எண்ணும் பொறுப்பைக் கொடுங்கள். ஒரு வருடம் எண்ணி, எங்கள் ஊருக்கு ஒரு நாட்காட்டியைத் தமிழில் வெளியிடுங்கள். கால்வாய்க் கரையிலும் பள்ளிச் சுவர்களை ஒட்டியும் உள்ள சீமைக் கருவேலத்தையும் பார்த்தீனியத்தையும் பூக்கும் காலத்துக்கு முன்னால் வேரோடு அகற்றுங்கள். மேலே வெட்டினால் மறுபடி தழைக்கும். பூத்திருக்கும்போது பள்ளி நேரத்தில் வெட்டினால் மகரந்தம் பிள்ளைகள் முகத்தில்தான் வந்து விழும். அகற்றிய இடத்தை வெறுமனே விடாதீர்கள், மீண்டும் அதே களைதான் முளைக்கும். காற்றில் மகரந்தத்தை அதிகம் பரப்பாத மரங்களைத் தாவரவியலாளரைக் கேட்டு நடுங்கள்.

இந்த மடலின் நகலை எங்கள் பள்ளி மேலாண்மைக் குழுவுக்கும் வார்டு உறுப்பினருக்கும் கொடுத்திருக்கிறேன். என் மகளின் ரிப்போர்ட்டையும், அவள் உண்மையில் எதைச் சாப்பிடுகிறாள், எதற்கு என்ன ஆகிறது என்று நான் எழுதிவைத்த நோட்டையும் நீங்கள் கேட்டால் நேரில் கொண்டுவந்து காட்டுகிறேன். இங்கே கேட்டிருப்பவற்றில் எதைச் செய்வீர்கள், எந்தத் தேதிக்குள், எந்த அலுவலர் பொறுப்பு என்று எழுத்து மூலம் பதில் வேண்டும். எதைச் செய்ய முடியாது என்றாலும் அதற்கான காரணத்தோடு, கையெழுத்தோடு, அதே தாளில் எழுதுங்கள்.

இப்படிக்கு,
கொடுங்கையூரில் வசிக்கும் ஒரு லேப் டெக்னீஷியன்,
நான்காம் வகுப்பு மாணவியின் தாய்